இரண்டு நாய்க்குட்டிகளும் ஒரு நகரமும்

போன நவம்பரில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. "ரெண்டே வாரம் சார், அதுக்குள்ள வீடு பாத்துடலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏழு வாரம் இருந்தது.

வேளச்சேரியில் எங்கள் தெருமுனையில் கட்டி முடிக்காத ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் அடித்தளத்தில் செவலை ஐந்து குட்டி போட்டிருந்தாள். செவலை என்பது அயர்ன் வண்டி அம்மா வைத்த பெயர். காலை இட்லி, மதியம் சாப்பாட்டு மிச்சம் என்று அவர்தான் அவளுக்குப் படியளப்பவர். மழை வந்தது, அடித்தளத்தில் தண்ணீர் ஏறியது. தெருப் பையன்கள் இறங்கி மூன்று குட்டிகளைத்தான் எடுக்க முடிந்தது. அதில் இரண்டு ஆண். ஒரே நாளில் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்த பெண் குட்டிதான், இந்த மாதிரிக் குட்டிகளுக்கு வீடு தேடித் தரும் தெரிந்தவர்கள் வழியாக, ஒரு அட்டைப்பெட்டியில் எங்கள் வாசலுக்கு வந்தது.

பெயர் வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். வைத்தால் கொடுக்க மனசு வராதாம். ஆனால் ஒரு உயிரை எத்தனை நாள் "ஏய்" என்று கூப்பிடுவது? டெம்ப் என்று கூப்பிட ஆரம்பித்தேன். நிரலில் சும்மா கொஞ்ச நேரம் எதையாவது போட்டு வைக்கும் மாறிக்கு நாங்கள் வைக்கிற பெயர். அப்படிப்பட்டவைதான் பத்து வருடம் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். மனைவி இரண்டாம் நாளே அதை 'டெம்பு' ஆக்கிவிட்டாள்.

டெம்புவுக்குப் பால் பற்கள் ஊசி ஊசியாக இருந்தன. செருப்பு, மடிக்கணினி வயர், துடைப்பம், என் கணுக்கால் என்று வரிசையாக வேலையைக் காட்டியது. விரித்துப் போட்ட செய்தித்தாளை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் மிகச்சரியாக ஒன்றுக்குப் போகும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் சோஃபாவைப் பதினைந்து சுற்று சுற்றி, அப்படியே என் பாதத்தின் மேல் விழுந்து தூங்கிவிடும். மீட்டிங்கில் பேசிக்கொண்டே காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான், இந்த ஊரில் முன்னால் யாரெல்லாம் இப்படி ஒரு குட்டியை வீட்டுக்குள் எடுத்துவந்தார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன்.

1959. சென்னையில் பெருமழை. தியாகராய நகர்த் தெருவெள்ளத்தில் இரண்டு நாய்க்குட்டிகள் தத்தளித்துக்கொண்டிருந்தன. அவற்றைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் கேப்டன் வி. சுந்தரம். விமானி, மைசூர் மகாராஜாவுக்கு விமானம் ஓட்டியவர். மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1951இல் இருவருமாக இங்கிலாந்திலிருந்து ஒரு டவ் விமானத்தை 27 மணி நேரத்தில் இந்தியாவுக்கு ஓட்டிவந்தது அந்தக் காலத்தில் பெரிய பேச்சு. அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நனைந்த இரண்டு குட்டிகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து இன்னும் சில. அந்த வீட்டில் தொடங்கியதுதான் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. 1964இல் முறைப்படி பதிவானது. இந்தியாவின் பெரிய விலங்குநல அமைப்புகளில் ஒன்று அட்டைப்பெட்டி அளவு விஷயத்தில் ஆரம்பித்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்த இரண்டு குட்டிகளை அவர் தூக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெள்ளத்தில் பிழைத்திருந்தாலும் வளர்ந்தபின் கார்ப்பரேஷன் நாய் வண்டி வந்திருக்கும்.

வெள்ளைக்கார அரசுக்குத் தெருநாய் என்பது ஆரம்பத்திலிருந்தே ஒரு நிர்வாகச் சிக்கல். வீடு, உரிமையாளர், கழுத்துப்பட்டை இந்த மூன்றும் உள்ளதுதான் நாய். இல்லாதது குப்பை மாதிரி, அகற்ற வேண்டியது. நம் ஊர்களில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை எப்போதும் உண்டு. யாருடையதும் இல்லை, ஆனால் எந்தத் தெருவுடையது என்று எல்லோருக்கும் தெரியும். பம்பாயில் இந்த இரண்டு பார்வைகளும் நேராக மோதிக்கொண்டன. 1832 ஜூன் 6ஆம் தேதி, நாய்களைக் கொல்லக் காவலர்கள் கிளம்பியபோது பார்சிகள் தெருவில் இறங்கினார்கள். ஜொராஸ்ட்ரியச் சமயத்தில் இறந்தவரின் உடலை நாய் பார்க்க வேண்டும் என்பது சடங்கு. தலைக்கு இவ்வளவு என்று கூலி கிடைத்ததால், கொல்ல வந்தவர்கள் வீட்டு நாய், தெருநாய் என்று பார்க்கவில்லை. மறுநாள் கடையடைப்பு, கோட்டைக்குச் சாமான் போகவில்லை. பம்பாய் நாய்க் கலவரம் என்று வரலாற்றில் அதற்குப் பெயர்.

சென்னையில் கலவரம் எதுவும் இல்லை. 1860இல் மாநகராட்சி பிடித்துக் கொல்லும் திட்டத்தைத் தொடங்கியது. நூறு வருடத்துக்கும் மேல் சத்தமில்லாமல் நடந்தது. கேப்டன் சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா ஒரு பொறியாளர். மாநகராட்சிக் கணக்கைப் பார்த்து அவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதுகு நிமிர்ந்தது. ஆரம்பத்தில் நாளொன்றுக்கு ஒரு நாய்க்கும் குறைவாகக் கொன்றிருக்கிறார்கள். 1996 வரும்போது அது நாளொன்றுக்கு 135. கொல்லப்பட்ட நாய்களின் தோலிலிருந்து கழுத்து டையும் பணப்பையும் செய்யலாமா என்று மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் வடிவமைத்துப் பார்க்கும் அளவுக்கு எண்ணிக்கை போயிற்று என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

எந்தப் பொறியாளரும் இந்த இடத்தில் நின்றுவிடுவார். ஒரு பிழையைச் சரிசெய்ய 136 வருடம் ஒரே திருத்தத்தைப் போடுகிறோம். பிழை ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போகிறது. அப்படியென்றால் திருத்தம் தப்பு. தெருவில் குப்பையும் மிச்சச் சோறும் இருக்கும்வரை அங்கே இத்தனை நாய்க்கு இடம் உண்டு. இருப்பதை அகற்றினால் பக்கத்துத் தெருவிலிருந்து வரும். மிச்சம் இருப்பவை போடும் குட்டிகளில் அதிகம் பிழைக்கும், ஏனென்றால் போட்டி குறைந்துவிட்டது. அதனால் இப்போது இருக்கும் நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விட்டுவிடுங்கள்; அது தன் இடத்தைத் தானே காத்துக்கொள்ளும், புதிதாக எதையும் விடாது, குட்டியும் போடாது. 1964இல் புளூ கிராஸ் மாநகராட்சியிடம் சொன்னது இதைத்தான். 'ஏபிசி' என்று பெயர் வைத்தார்கள், விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டின் ஆங்கிலச் சுருக்கம். ஏ, பி, சி போல எளிது என்பதும் அதில் இருந்தது.

அவ்வளவு எளிதாக இல்லை. மாநகராட்சி ஏற்கவில்லை. 1966இல் புளூ கிராஸ் தன் கையிலிருந்த வசதியில் தானே செய்ய ஆரம்பித்தது. மாநகராட்சி ஒத்துக்கொண்டது 1996இல். அதுவும் முதலில் தென்சென்னையில். முப்பத்திரண்டு வருடம். நான் பிறந்து பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகும் இந்த ஊரில் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தார்கள் என்பதை இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2001இல் இதே முறை நாடு முழுவதற்குமான விதி ஆனது, 2023இல் திருத்தி எழுதப்பட்டது.

இதே காலத்தில் சென்னையிலிருந்து இன்னொரு இழையும் ஓடியது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். நடனம் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பார்கள். அவர் விலங்குவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று நேரு உறுதி சொன்னதால் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் இந்திய விலங்குகள் நல வாரியம் உருவானபோது அவர்தான் முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருநாள் கொஞ்சம் பெருமையாக எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன். அவர் டெம்பு வந்த நாளிலிருந்தே லிஃப்டில் எங்களோடு ஏறுவதில்லை.

"தம்பி, எல்லாம் சரி. எனக்கு ஒரு தம்பி இருந்தான், தெரியுமா?" என்றார்.

விழுப்புரம் பக்கம் கிராமம். 1968. ஒன்பது வயது. கடித்த நாயும் குட்டிதான், வீட்டில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். சுண்ணாம்பு வைத்துக் கட்டினார்கள். "தொப்புளச் சுத்தி 14 ஊசி போடணும், டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னாங்க. புள்ளைக்கு அவ்ளோ வலி எதுக்குன்னு எங்கம்மா விட்டுட்டாங்க." ஒரு மாதம் கழித்து, தண்ணீர்ச் செம்பைப் பார்த்தால் அவன் தொண்டை இழுத்துக்கொண்டது. அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த 14 ஊசிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பாஸ்டர் 1885இல் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் வெறிநோய்த் தடுப்பு மருந்து செலுத்தினார். குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் திறக்கப்பட்டது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடையும் அதில் உண்டு. ஆட்டின் மூளைத் திசுவில் தயாரித்த மருந்து. வயிற்றில் தினம் ஒன்றாகப் போட வேண்டும், வலிக்கும், சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வரும். இந்தியாவில் அந்த வகை மருந்தின் உற்பத்தி 2004 இறுதியில்தான் நின்றது. இப்போது கையில் போடுகிறார்கள், சில தவணைகள், அரசு மருத்துவமனையில் இலவசம். கடிபட்ட உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுவதே பாதி மருத்துவம். ஆனால் அறிகுறி வந்துவிட்டால் மருந்து கிடையாது. இது மட்டும் 1885இலும் இன்றும் கிட்டத்தட்ட மாறவில்லை. அந்தப் பழைய ஊசியின் பயம் எத்தனை பேரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்தது என்று யாரும் எண்ணி வைத்திருக்க முடியாது. பெரியவரின் தம்பி அதில் ஒருவன்.

தெருநாய்க்காக எழுதுபவர்கள் இந்தச் சிறுவனைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். தெருநாயை அகற்றச் சொல்பவர்கள் 1860 முதல் 1996 வரையிலான கணக்கைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

இரண்டையும் தாண்டாமல் பார்க்க முயன்றவர் காந்தி. 1926இல் அகமதாபாத் மில் அதிபர் அம்பாலால் சாராபாய் தன் மில் வளாகத்தில் திரிந்த 60 நாய்களைக் கொல்ல வைத்தார். அகிம்சை ஊரில் பெரிய கொந்தளிப்பு. காந்தியிடம் கேட்டபோது, வேறு என்ன செய்ய முடியும் என்றார். கோபக் கடிதங்கள் குவிந்தன. 'யங் இந்தியா'வில் தொடர்ந்து பதில் எழுதினார். அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்: தெருநாய் வானத்திலிருந்து விழவில்லை, அது சமூகத்தின் அக்கறையின்மைக்கு அடையாளம். ஒரு ரொட்டித் துண்டை வீசிவிட்டுப் போவது கருணை ஆகாது. கருணை உள்ளவர் நாயை வீட்டில் வைத்துக் காப்பாற்றட்டும், அல்லது காப்பாற்றும் அமைப்புக்குப் பணம் கொடுக்கட்டும்.

இதைப் படித்தபோது என் காலில் டெம்பு தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தெம்பாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் காந்தியின் கணக்கில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. எத்தனை வீடு கிடைக்கும்?

டெம்புவுக்கு விளம்பரம் போட்ட முதல் வாரத்தில் இருபதுக்கும் மேல் அழைப்பு வந்தது. எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். "ஆணா, பொட்டையா?"

"பெண் குட்டி."

"ஆண் இருந்தா சொல்லுங்க சார்."

ஒருவர் மட்டும் காரணத்தை விளக்கினார். வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், வாசலில் பத்து நாய் நிற்கும், குட்டி போட்டால் யார் பார்ப்பது? கருத்தடை செய்துவிட்டால் இது எதுவும் இல்லை, ஒரே ஒரு அறுவை சிகிச்சை என்றேன். "பொட்டைக்குப் போய் அவ்ளோ செலவா?" என்று வைத்துவிட்டார். குப்பைமேட்டு ஓரம், கோயில் வாசல், மீன் மார்க்கெட் என்று சாக்கில் கட்டி விடப்படும் குட்டிகளில் பெண்ணே அதிகம் என்று தூக்கி வளர்ப்பவர்கள் சொல்வார்கள். அதில் பிழைப்பவைதான் அடுத்த வருடத் தாய்கள். வீட்டுக்குள் பெண் குட்டியை வேண்டாம் என்பவரும் தெருவில் நாய் பெருகிவிட்டது என்பவரும் பல நேரம் ஒரே ஆள்தான்.

பிழைப்பதும் சுலபம் இல்லை. மேற்கு வங்கத்தில் ஐசர் கொல்கத்தா ஆய்வாளர்கள் ஐந்து வருடம் தெருக்குட்டிகளைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 364 குட்டிகளில் சுமார் 19 சதவீதம்தான் குட்டி போடும் வயதை எட்டின. இறப்புக்குப் பெரிய காரணம் மனிதர்கள்: வண்டி, விஷம், அடி, தூக்கிக்கொண்டு போவது. செவலையின் ஐந்தில் மூன்று வீட்டுக்குப் போனது பெரிய அதிர்ஷ்டம்.

நாய்க்குப் பெயர் வைத்துக் கல்லில் வெட்டிய ஊர் இது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர் நடுகல் 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலம். ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்தது. பக்கத்தில் அவனுடைய நாய் நிற்கிறது. இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல் சொல்கிறது. அதன் பெயர் கோவிவன். டெம்புவுக்குக் கோவி என்று மாற்றலாமா என்றேன். "அது ஆண் நாயா இருக்கும்" என்றாள் மனைவி. பேச்சை விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் செய்திகள் வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டெல்லியிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்றது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து அகற்றவும், பிடித்த நாய்களை அங்கேயே திரும்ப விடாமல் இருக்கவும் உத்தரவு வந்தது. டெம்பு எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கடுத்த வாரம். 1964இல் சென்னையில் சொன்ன 'அதே இடத்தில் விடு' என்ற சொற்கள்தான் இப்போது நாட்டின் பெரிய நீதிமன்றத்தில் வழக்காக நின்றன.

எனக்கு அது செவலையின் வழக்கு. டெம்புவுக்கு வீடு தேடுகிறோம். செவலையை யார் கேட்கப்போகிறார்கள்? நாலு வயது, தெருவிலேயே வளர்ந்தவள். அவளுக்கு அந்தக் கட்டடமும் அயர்ன் வண்டியும்தான் நிரந்தர வீடு. இன்னும் ஆறு மாதத்தில் இன்னொரு ஐந்து குட்டி.

டிசம்பர் கடைசியில், பால் வற்றியபிறகு, மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்துக் கருத்தடைக்குப் பதிவு செய்தேன். வண்டி வந்த அன்று அயர்ன் வண்டி அம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"வேணாம் தம்பி. ஏத்துனா திரும்ப வராது. நான் பாத்திருக்கேன்."

அறுபத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. புளியந்தோப்பில் வளர்ந்தவர். கம்பிச் சுருக்குப் போட்டு வண்டிக்குள் எறிவதைச் சின்ன வயதில் நின்று பார்த்தவர். போன எந்த நாயும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லை. எனக்கு அது படித்துத் தெரிந்த விஷயம். நான் 1996, விதிகள் என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை. கடைசியில் வண்டியில் வந்த பையன்தான், "நாலஞ்சு நாள்ல நானே கொண்டாந்து விடறேன்மா. வரலன்னா என்னைய கேளு" என்று தன் செல்போன் எண்ணை அயர்ன் மேசையில் சாக்பீஸால் எழுதிக் கொடுத்தான். அரைமனதாக வழிவிட்டார்.

அந்த நாலு நாளும் அவர் என்னிடம் பேசவில்லை. துணியைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். ஐந்தாம் நாள் காலை வண்டி வந்து நின்றது. செவலை குதித்து இறங்கினாள். ஒரு காதின் நுனியில் சின்ன வெட்டு, இதற்கு ஆகிவிட்டது என்பதற்கான அடையாளம். நேராக அயர்ன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மா அவளை ஒன்றும் சொல்லவில்லை. வண்டிப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

டெம்புவுக்கு ஜனவரி முதல் வாரத்தில் வீடு கிடைத்தது. பல்லாவரத்தில் ஒரு நர்ஸ், அம்மாவோடு தனியாக இருப்பவர். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. "ராத்திரி எங்க தூங்கும்?" என்று மட்டும் கேட்டார். என் கால் மேல என்றேன். "எங்கம்மா கால் எப்பவும் ஜில்லுனு இருக்கும், சரியா இருக்கும்" என்றார். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்வேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எதிர்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. "வெறிநாய் ஊசி போட்டாச்சா?" என்றார். தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். கண்ணாடி போட்டுத் தேதியைப் படித்தார். "அடுத்தது எப்போ?" என்றார். அடுத்த வருடம் இதே மாதம் என்றேன். "அவங்ககிட்ட மறக்காம சொல்லிடுங்க." அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். டெம்பு அவர் செருப்பை மோந்தது. அவர் காலை நகர்த்திக்கொண்டார், ஆனால் போகவில்லை, கொஞ்ச நேரம் நின்றார்.

பல்லாவரத்திலிருந்து அடிக்கடி படம் வருகிறது. அங்கே அதன் பெயர் மணி. சாயங்காலமானால் தெருமுனைக்கு நடந்துபோய்ப் பார்க்கிறேன். செவலை இருக்கிறாள்.